ஓட்டுப் போட லீவு

அமெரிக்காவில் யார் அதிபராக வந்தால் எனக்கென்ன என்று நானும் ஒரு காலத்தில் இருந்தவள்தான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. யார் எந்த ஷிப்ட், யாருக்கு என்றைக்கு லீவு என்று பார்ப்பது என் பொறுப்பு. மில்லை யாரோ வாங்கினார்கள். வாங்கியவர்கள் மெஷின்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிட்டுப் போனார்கள். ஐம்பதை நெருங்கும் வயதில், கல்யாணமும் ஆகாமல், அஞ்சல் வழியில் படித்த பி.ஏ. ஆங்கிலத்தைத் தூக்கிக்கொண்டு வேலை கேட்டுப் போனால் யார் சீந்துவார்கள்? ரொம்ப நாள் அலைந்த பிறகு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் இந்த வேலை அகப்பட்டது.

அமெரிக்காவில் உள்ள ஒரு கருத்துக்கணிப்புக் கம்பெனி, வாக்காளர்களுக்கு மாதாமாதம் போன் போட்டுப் பேசும். அந்தப் பேச்சைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்பும். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொரு பதிலையும் கம்ப்யூட்டரில் அதற்குரிய கட்டத்தில் போடவேண்டும். எங்களுக்கு வந்த வாக்காளர்கள் எல்லோருமே எந்தக் கட்சியிலும் சேராதவர்கள். அங்கே பல இடங்களில், பட்டியலில் பெயர் சேர்க்கும்போதே நீ எந்தக் கட்சி என்று எழுதிக் கொடுப்பார்களாம். அப்படி எழுதாமல் தனியாக நிற்கிறவர்கள் கடைசியில் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும், அவர்கள் சாய்வதும் பெரும்பாலும் வேலை கிடைக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் என்று டீம் லீடர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தாள். ராஜபாளையத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, ஆபீசில் ஆங்கிலம், கோபம் வந்தால் மட்டும் தமிழ். என்னைவிட ரொம்பச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் எங்கள் தெருவில், எந்த வீடு எந்தக் கட்சி என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கட்சி இல்லாத வீடு என் வீடு ஒன்றுதான். அம்மா இருந்தவரை அது அம்மாவின் கட்சி. அம்மா போன பிறகு, ஒற்றை ஓட்டுக்கு எதற்குப் படியேறுவது என்று ஓட்டுக் கேட்கிறவர்களும் பக்கத்து வீட்டோடு திரும்பிவிடுவார்கள். வராதது எனக்கு நிம்மதி என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணன், மில் மூடியதுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னிடம் வந்துவிடச் சொன்னான். அண்ணன் நல்லவன். ஆனால் அங்கே போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் மதினிக்கு ஒரு கையாள், பேரப்பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட ஓர் ஆள், விருந்தாளி வந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ள ஓர் அத்தை. எனக்கென்று ஒரு வேலை இருக்கும்வரை என் வீட்டில்தான் இருப்பேன், இல்லையென்றால் மறுபேச்சு பேசாமல் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த வேலையோ தேர்தலோடு முடிகிற வேலை. யார் யார் நிச்சயம் ஓட்டுப் போடுவார்கள், எந்தப் பக்கம் போடுவார்கள் என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் கணிப்பு சரியாக இருந்தால் அடுத்த வேலையும் எங்களுக்கே என்று கம்பெனி சொல்லியிருந்தது. என் வீட்டுச் சாவி இப்படித்தான் முன்பின் தெரியாத அமெரிக்கர்களின் கையில் போய் மாட்டியது.

ஆளுக்குக் கொஞ்சம் வாக்காளர்களைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், கடைசிவரை அதே ஆட்கள். என்னுடையவர்களில் ஒருவர் துணி மில்லில் இருந்தவர். பெயர் தரமாட்டார்கள், குரல்தான். மில் மூடி வெகுநாளாகிவிட்டது, மனைவியும் இல்லை. ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்லுவார். நாட்டின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டால், தெருமுனை ரொட்டிக்கடை மூடியதில் ஆரம்பித்து, நாய்க்குக் கண் தெரியாமல் போனதில் வந்து நிற்பார். நல்லது, சுமார், மோசம், இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். கேட்டதுக்குப் பதில் சொல்லித் தொலையேன்யா என்று வாய்விட்டே வைதிருக்கிறேன்.

ஒரு மாதம், எப்படி இருக்கிறீர்கள் என்ற வழக்கமான கேள்விக்கு, மில் சத்தம் நின்ற பிறகு தூக்கமே சரியில்லை என்றார். அத்தனை வருஷம் அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே இருந்தேன், இப்போது வீட்டில் காதடைக்கிற மாதிரி அமைதி, அதுதான் தாங்க முடியவில்லை என்றார். என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் அதேதான். அம்மாவும் போய், மில்லும் போய், சாயங்காலம் வீட்டைத் திறந்து உள்ளே போனால் குழாய் சொட்டுகிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளில்லை என்பதுதான் உண்மை.

அதன் பிறகு அவருடைய பதிவை எடுத்த எடுப்பில் கேட்கமாட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நிதானமாகக் கேட்பதற்கென்று எடுத்து வைத்துக்கொள்வேன். அந்த நாட்களில் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியவர் வேறு யாரும் இல்லை. அவர் பேசியது என்னிடம் இல்லை என்பது வேறு விஷயம்.

தேர்தலுக்கு முந்தின கடைசிப் பேச்சில், ஒரு பெரிய கிட்டங்கியில் சாமான் அடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்றார். குரலே மாறியிருந்தது. யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லையாம். ஆனால் கட்டாயம் போடுவேன், என் அப்பாவும் ஒரு தேர்தலை விட்டதில்லை, நானும் விட்டதில்லை என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் பால்கோவா வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். டீம் லீடர் என்ன விசேஷம் என்று கேட்டாள். வேண்டியவருக்கு வேலை கிடைத்திருக்கிறது என்றேன். சொந்தமா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

கணிப்பு எழுதும்போது எனக்குக் குழப்பமே வரவில்லை. புதிதாக வேலை கிடைத்தவர்கள் எல்லோரும் நிச்சயம் ஓட்டுப் போடுவார்கள், இருக்கிற ஆட்சிக்கே போடுவார்கள் என்று எழுதினேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். கையில் வேலை இருக்கிறவனுக்கு மனக்குறை என்ன, போய்ப் போட்டுவிட்டு வரவேண்டியதுதானே என்று பேசிக்கொண்டோம்.

தேர்தல் முடிந்தது. போட்டீர்களா, யாருக்கு என்று கேட்கும் கடைசிச் சுற்றுப் பதிவுகள் வந்தன. முதலில் அவருடையதைத்தான் எடுத்தேன். அவர் போடவில்லை. இருட்டோடு வேலைக்குப் போனேன், இருட்டின பிறகுதான் வெளியே விட்டார்கள், வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அனுமதி கேட்கப் பயமாக இருந்தது என்றார். என் ஆட்களில் வேலை கிடைத்த மற்றவர்கள் பதிவையும் கேட்டேன். முக்கால்வாசிப் பேர் அதே கதையைத்தான் சொன்னார்கள்.

எழுந்து டீம் லீடரிடம் போனேன். "ஏம்மா, ஓட்டுப் போடுத அன்னைக்கு அவியளுக்கு லீவு கிடையாதா?"

அவள் தன் போனை எடுத்துத் தேடினாள். "நெறைய எடத்துல கிடையாதாம் அக்கா. சாதாரண வேலை நாளாம்" என்றாள். கோபமில்லாமல் அவள் தமிழ் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முந்தின நாள் மில் கேட்டில், நாளை வாக்குப்பதிவு, சம்பளத்தோடு விடுமுறை என்று நோட்டீஸ் ஒட்டியவள் நான். ஓட்டு என்றால் லீவு. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று யாராவது கேட்பார்களா? அந்த மனுஷனின் மனதை மாதக்கணக்கில் துருவித் துருவிப் பார்த்தோம். அன்றைக்கு உனக்கு லீவு உண்டா என்ற ஒரு கேள்வி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. லீவு கொடுத்தே பிழைத்த எனக்கும் தோன்றவில்லை.

பதிவு இன்னும் மிச்சமிருந்தது. இதுதான் கடைசி அழைப்பு, நன்றி என்று கேள்வி கேட்டவள் முடித்தாள். அப்படியானால் அடுத்த மாதம் கூப்பிடமாட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பேச ஆள் இருந்தது நன்றாக இருந்தது என்றார். போனை வைப்பார் என்று பார்த்தால் வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, நான் சொன்னதையெல்லாம் யாராவது கேட்கிறார்களா என்றார். தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது என்று அவள் எழுதி வைத்ததை வாசித்தாள்.

"கேக்கேன்யா. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வேலை எங்களுக்கு வரவில்லை. மருந்துக்கடை மாடியில் இப்போது டியூஷன் நடக்கிறது. அண்ணன் போனில், "ஏட்டி, சொன்ன சொல்லு ஞாபகம் இருக்குல்லா?" என்று மட்டும் கேட்டான். இருந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாக்காளர் பட்டியலில் என் பெயரை மட்டும் கோயம்புத்தூருக்கு மாற்றவில்லை. தமிழ்நாட்டில் தேர்தல் வந்தபோது, ஒரு ஓட்டுக்காக இவ்வளவு தூரமா என்று அண்ணன் வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்கு லீவு, தூங்கி எழப்போகிறார்கள். நான் முந்தின நாளே பஸ் ஏறினேன். மறுநாள் காலை மடவார் வளாகமே லீவில் இருந்தது. கடைகள் பாதி அடைப்பு, கைலி கட்டிய ஆம்பிளைகள் கூட்டம் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் லீவு கொடுக்க ஆளில்லை. வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பூத்தைத் தாண்டித் தெருமுனையில் ஒரு பெண் டேப்லெட்டோடு நின்றாள். கருத்துக்கணிப்பு எடுக்கிறாளாம். யாருக்குப் போட்டேன் என்று கேட்டாள், அது எதற்கு உனக்கு என்றேன். வேலை பார்க்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்ற ஒரு சொல் போதும், எனக்குத் தெரியும். ஆனால் நான் மில்லில் ஆரம்பித்தேன். டைம் ஆபீசைச் சொன்னேன், மருந்துக்கடை மாடியைச் சொன்னேன், கோயம்புத்தூரைச் சொன்னேன். அவள் விரல் கட்டத்துக்கு மேலே நின்றபடி காத்திருந்தது.

"அம்மா, ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

இல்லை என்றேன். தொட்டுவிட்டு நன்றி சொன்னாள்.

"அம்புட்டுத்தானா? வேற ஒண்ணும் கேக்க வேண்டாமா?"

"அம்புட்டுத்தாம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்து வந்தவரிடம் போனாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அந்தத் துணி மில்காரர் அன்றைக்கு ஏன் போனை வைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.