எருக்கம் பஞ்சு

மயிலிட்டியில் இராணுவம் பிடித்து வைத்திருந்த எங்கள் காணி திரும்பக் கிடைத்து நான் உள்ளே நுழைந்ததும், எருக்கம் விதையொன்று பஞ்சோடு பறந்துவந்து கண்ணில் விழுந்தது. உடனே பக்கத்து வீட்டு மாமியின் பழைய சாபம் காதில் கேட்டது.

அந்தக் காலத்தில் வேலி அடைக்கும்போதெல்லாம் அவள் கதியால் தடிகளை எங்கள் பக்கம் தள்ளித்தான் நடுவாள். அம்மா தட்டிக் கேட்டால் மண்ணை அள்ளித் தூற்றி எங்கள் முற்றத்தைச் சபிப்பாள்.

"உன்ரை முத்தத்திலை எருக்கு முளைக்க!"

"முதல் உன்ரை முத்தத்திலை முளைக்கட்டும்!" அம்மாவும் விடமாட்டாள்.

பிறகு போர் வந்து இரண்டு வீட்டையும் துரத்தியது.

இன்று வேலியே இல்லை. இரண்டு முற்றத்திலும் ஆளுயரத்துக்கு எருக்கு. மாமியும் வந்து நின்றாள். அம்மா செத்ததைக்கூட விசாரிக்கவில்லை.

"உங்கடை பக்கத்து விதை பறந்து வந்துதான் என்ரை வளவு நாசமாப் போச்சு."

நான் எட்டி, முற்றிய காயொன்றைப் பிய்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, அவள் வளவை நோக்கி ஊதினேன்.