எலி வளையும் யென்ஸ் ஏற்றிய கொடியும்

ஈர மண் வாசமும் நத்தார் மரத்துப் பிசின் வாசமும் சேர்ந்து மூக்கில் ஏறினால், எனக்கு இப்பவும் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்தான் ஞாபகம் வரும்...

2009. வன்னியில் சண்டை முடியப்போகிற மாதங்கள். கிழமை நாட்களில் எனக்குத் தொழிற்சாலை. சனிக்கிழமைகளில் யென்ஸ் என்ற கமக்காரர் கிறிஸ்மஸுக்கு வெட்டி விற்கிற நத்தார் மரத் தோட்டம்.

யென்ஸின் பகையாளி மண்ணுக்கடியில் இருந்தான். வளை தோண்டி வேரைத் தின்கிற கொழுத்த எலி. பச்சைப் பசேல் என்று நிற்கிற மரத்தைப் பிடித்து இழுத்தால் கரட் மாதிரிக் கழன்று கையோடு வரும். ஆறு வருடம் வளர்த்த மரம்... மனுசன் வாய்க்குள் தூஷணத்தால் பேசுவார்.

வேட்டை முறை இதுதான். நான் மண்வெட்டியால் வளையை ஓரிடத்தில் திறந்துவிட்டு விலக வேண்டும். அந்த எலிக்கு வெளிச்சமும் காற்றும் ஆகாது. கொஞ்ச நேரத்தில் ஓட்டையை அடைக்க மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். கவிழ்த்த வாளியில் சின்ன ரைபிளோடு யென்ஸ் அசையாமல் இருப்பார். மூக்கு தெரிந்ததும் ஒரு வெடி.

பெரிய சத்தமில்லை, சீன வெடிக்கும் காணாது. ஆனால் முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமோ... மண்வெட்டியை எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டேன். சண்டைக்குள் வளர்ந்த எங்கட ஆட்களின் பழக்கம், உடம்பு யோசிக்காது. வெடி எனக்குத்தான் பட்டுவிட்டது என்று யென்ஸ் ஓடி வந்து, என் முதுகெல்லாம் தடவி இரத்தம் தேடினார். பிறகு இரண்டு பேரும் மண்ணில் குந்தியிருந்து சிரித்தோம். அன்றிலிருந்து, சுட முன்னர் எனக்காக ஒரு விரலை உயர்த்துவார்.

அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் அப்போது வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம். மார்ச்சில் கடைசியாகக் கதைத்தபோது, "பங்கருக்குள்ளதான் இருக்கிறம் தம்பி. தண்ணி எடுக்க மட்டும் வெளியில வாறம்" என்றா. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. வளையைத் திறந்துவிட்டு நின்றேன். மண் அசைந்தது. யென்ஸின் விரல் உயர்ந்தது.

"யென்ஸ், என்ர அக்காவும் இப்ப இப்பிடித்தான் மண் கிடங்குக்குள்ள இருக்கிறா."

ஏன் சொன்னேன் என்று தெரியாது. சொன்ன கையோடு வெட்கமாகப் போய்விட்டது.

யென்ஸ் உயர்த்திய விரலை இறக்கினார். ரைபிளில் இருந்து ரவையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "வா, கோப்பி குடிப்பம்" என்றார்.

அந்த வருடம் ரைபிள் பிறகு வெளியே வரவேயில்லை. ஒரு வரிசை மரமே சாய்ந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை, சுடச் சொன்னேன். "அதுகளும் சாப்பிடட்டும்" என்றதோடு சரி. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் காரால் இறங்க முதல் கேட்பார், "தகவல் ஏதும் இருக்கோ?"

மே கடைசியில் யாரோ ஒருவரின் போனில், செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து அக்கா. "தம்பி... நானும் பிள்ளையளும் இருக்கிறம்."

அத்தான் இல்லை. அதை அவ அழாமல் சொன்னா. நான்தான் அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை யென்ஸிடம் சொன்னேன். வீட்டுக்குள் போனவர் டெனிஷ் கொடியோடு வந்து முற்றத்துக் கம்பத்தில் ஏற்றத் தொடங்கினார். இங்கே வீட்டில் பிறந்தநாள் என்றால் கொடி ஏறும். எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு சனம் செத்திருக்கு, இவர் கொடி ஏற்றுகிறாரே...

"ஆருக்குப் பிறந்தநாள்?" என்றேன், கொஞ்சம் கோபமாகத்தான்.

"உன்ர அக்காவுக்கு."

கயிற்றைக் கட்டிய பிறகும் கையை எடுக்காமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இப்போது நான் குடும்பத்தோடு ஹேர்னிங் நகரில், மாடி வீட்டில். கம்பம் நட இடமில்லை. யென்ஸ் தோட்டத்தை விற்றுவிட்டு மகளோடு இருக்கிறார். அப்போது ஒரு குரலுக்காக இரண்டு மாதம் தவித்தேன். இப்போது ஊரில் அக்காவின் மீன் குழம்பு அடுப்பால் இறங்க முதல் அதன் படம் என் போனுக்கு வந்துவிடுகிறது.

சண்டை முடிந்த மே பதினெட்டுக்குச் செத்தவர்களுக்காக விளக்கு வைப்போம். சில நாள் கழித்து, அக்கா போன் எடுத்த திகதியில், சாப்பாட்டு மேசையில் ஒரு சின்னக் கொடி. இங்கே பிறந்த மகள் முன்பெல்லாம் யாருக்குப் பிறந்தநாள் என்று டெனிஷில் கேட்பாள். இந்த முறை நான் வேலையால் வர முதலே கொடியை வைத்துவிட்டு, அக்காவுக்கு வீடியோ கோல் போட்டிருந்தாள்.

"மாமி, இண்டைக்கு உங்கட பிறந்தநாள்."

"ஓம் பிள்ளை," என்றா அக்கா. "கொப்பாவைக் கேள், யென்ஸுக்குச் சொல்லிட்டாரோ எண்டு."