மூன்று ஓலைக்குள் அழியாத பெயர்

அருமனை ஊர்க்காரன் பெர்லினுக்கு வயது முப்பத்தொன்று. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் ரப்பர், எட்டே மாதத்தில் விட்டுவிட்டு ஓடிவந்த கல்ஃப் வேலை, பாதியில் விட்ட டிப்ளமோ. இதற்குமேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் தன்னைப்போல் புத்திசாலி இந்த மாவட்டத்திலேயே இல்லை என்பது அவன் நினைப்பு. அந்தப் புத்திசாலிதான் இருபத்தைந்து வயதில் இடது முன்கை நிறைய ‘ஆதிரா’ என்று பச்சை குத்திக்கொண்டான். சுற்றிலும் ரோஜாவும் இலையும் வேறு. மறுவருஷமே ஆதிரா வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான்.

இப்போது தக்கலையில் டீச்சராக இருக்கும் பிரிஜாவோடு கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவளை அவனுக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது. கையைக் காட்டி ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. துரை சொல்வாரா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார்.

சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை, பெண் பெயரைச் சொல்லி, யாருக்காவது தடை உண்டா என்று போதகர் கேட்பார். ஓலைக்கு ஒன்றாக மூன்று லேசர் அடித்தால் கை பளிச்சென்று ஆகிவிடும் என்று பெர்லின் தானாகவே முடிவு கட்டிக்கொண்டான். யாரிடமாவது கேட்டானா என்றால், அதுதான் இல்லை.

முதல் ஓலை முடிந்த மறுநாள் தக்கலையில் ஒரு தோல் கிளினிக்குக்குப் போனான். அங்கே நர்ஸ் ராகேல் அவன் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

“மூணு வாரத்துலயா? இது என்ன சிலேட்டாலே, எச்சி தொட்டு அழிக்கதுக்கு? எட்டு பத்துத் தடவை அடிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஆறு வாரமாவது விடணும், தோலு ஆறாண்டாமா? கறுப்பு போவும். இலையில உள்ள பச்சை லேசுல போவாது.”

“நீங்க அடியுங்கக்கா, பாப்போம்” என்றான் நம் வீரன்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி டாக்டர் முதல் அடி அடித்ததும் வீரனின் அலறல் வாசல்வரை கேட்டது. கொதிக்கும் எண்ணெய் தெறித்த மாதிரி எரிச்சல், முடி கருகும் வாடை. எழுத்தின்மேல் வெள்ளையாகப் பூத்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளை மறைந்து, ஆதிரா இருந்த இடத்திலேயே இருந்தாள்.

“கொப்புளம் வரும், உடைக்கப்பிடாது. வெயில் படப்பிடாது. மருந்து போட்டுட்டு சும்மா கெட” என்றாள் ராகேல்.

சும்மா கிடந்தால் அவன் பெர்லினா? ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் ஷெட்டில் இருந்தது. அது தெறித்தால் தோல் உரியும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தோல் உரிந்தால் பெயரும் கூடவே உரிந்து வந்துவிடும் என்று கண்டுபிடித்தது அந்த மகா மூளை. தண்ணீர்கூடக் கலக்காமல் பஞ்சில் நனைத்து கையில் வைத்து அழுத்தினான். தோல் போயிற்று. தோலுக்கு அடியில் கிடந்த மை போகவில்லை.

இரண்டாம் ஓலைக்குக் கட்டுப் போட்ட கையோடு வந்து, பைக் சைலன்சர் சுட்டுவிட்டது என்று பிரிஜாவிடம் புளுகி, மறுநாள் கிளினிக்குக்குப் போவதையும் உளறிவிட்டான். பாவம், அவள் மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவனுக்குத் துணையாக கிளினிக்குக்கே வந்துவிட்டாள். அவள் உள்ளே நுழையும்போது ராகேல் கட்டைப் பிரித்திருந்தாள்.

“ஆசிட்ட ஊத்திட்டு வந்திருக்கான் மூதேவி! இனி தழும்புதான், லேசரும் அடிக்க முடியாது” என்று ராகேல் கத்திக்கொண்டிருந்தாள்.

பிரிஜா கையைப் பார்த்தாள். சீழுக்கு நடுவே பெயர் தெரிந்தது.

“ஆதிரா என்கூடப் படிச்சவதான். பொண்ணு பாக்க வரும்பளே எனக்குத் தெரியும். எப்பம் சொல்லுவியன்னு பாத்துட்டு இருந்தேன்.”

“நீ வருத்தப்படுவேன்னுதான்…” என்று இழுத்தான்.

“ஒரு வார்த்தை சொல்லப் பயந்து சொந்தக் கையில ஆசிட்ட ஊத்துன ஆளு, நாளைக்கு வீட்டுல ஒரு பிரச்சினைன்னா யாருக்க மேல ஊத்துவிய?”

அவள் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். அவள் பயந்திருந்தாள்.

மூன்றாம் ஞாயிறு பெர்லின் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். போதகர் மற்றவர்களின் ஓலையை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ஆராதனை முடிந்ததும் பெர்லின் ஓடிப்போய், தடை சொன்னது யார் என்று கேட்டான். பெண்ணேதான் வந்து எழுதிக் கொடுத்தாள் என்றார் போதகர்.