குளிர் அறையில் ஏறிய சூடு

மட்டாஞ்சேரியில் இறால் ஏற்றுமதி செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். கொச்சங்காடியில் சாலைக்கு இந்தப் பக்கம் அலுவலகம், அந்தப் பக்கம் குளிர் அறைகள். முன்பெல்லாம் அறைகளின் வெப்பநிலையை எடுத்து எக்செல்லில் ஒட்டிக்கொண்டே இருப்பேன். அலுத்துப்போய் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். அதுவே எண்களைத் திரட்டும். குளிர் குறைந்தால் என் போனுக்குச் செய்தி அனுப்பும். செய்தி வருகிறதா என்று சோதிக்க, அறைக்குள் சென்சாரின் முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக் கொடுத்தது பேக்கிங் பிரிவு அக்கா. எங்களைப் போலவே அவர் குடும்பமும் தமிழ்நாட்டிலிருந்து வந்தது.

"அப்போ நான் கதவை ஒழுங்கா அடைக்கலேன்னா உனக்குத் தெரிஞ்சிடுமோ? கொள்ளாம், நல்லாருக்கே!" என்று சிரித்தார்.

ஒரு மழைநாளில், சாப்பாட்டு நேரம். போன் அதிர்ந்தது. இரண்டாம் அறையில் கதவருகே இருக்கும் சென்சார் பூஜ்யத்துக்கு மேலே காட்டியது. பின்சுவர்ச் சென்சாரோ வழக்கம்போல மைனஸில். முந்தின நாள்தான் நிரலில் சில வரிகளை மாற்றியிருந்தேன். அதுவும் சரக்கைப் பார்க்கப் பரிசோதகர் வரவிருந்த வாரம். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

நிரலை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். எண் மைனஸுக்கு இறங்கியது. மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி மெல்ல ஏறியது. இறங்கியது. திரும்பவும் ஏறியது. நிரலை ஒதுக்கிவிட்டுக் கருவியின் எண்களையே நேராகத் திறந்து பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். தவறு நிரலில் இல்லை. கருவி கெட்டிருந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும். இது அப்படிக் குதிக்கவில்லை. யாரோ பிடித்துப் பிடித்து விடுவதுபோல இருந்தது.

சோதனையன்று சென்சாரைப் பொத்திப் பிடித்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

மழையில் சாலையைக் கடந்து ஓடினேன். எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தது கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. குளிர் அறைப் பக்கம் ஆளே இல்லை, கம்ப்ரஸர் சத்தம் மட்டும். இரண்டாம் அறைக் கதவின் கைப்பிடியை இழுத்தேன். அசையவில்லை. அறைந்தேன். உள்ளிருந்து பதில் வந்ததா, என் நெஞ்சுதான் அடித்துக்கொண்டதா, தெரியவில்லை.

பக்கத்து ஷெட்டில் சோறு தின்றுகொண்டிருந்த லோடிங் சேட்டன் எச்சில் கையோடு ஓடி வந்தார். "எந்தா மோளே?"

"சேட்டா, உள்ளே ஆளுண்டு!"

அவர் கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினார். முதல் நெம்பலில் வழுக்கியது. உள்ளே அக்கா விழுந்து கிடப்பதாக என் மனசு காட்டிக்கொண்டே இருந்தது. கதவு பிளந்ததும் வெள்ளைப் புகையாகக் குளிர் முகத்தில் அடித்தது. வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து அக்கா நின்றிருந்தார். சென்சார் அப்போதும் அவர் கைக்குள்தான் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கம்பளிக்குள் சுருண்டிருந்தவருக்குச் சாயா குடித்த பிறகுதான் பேச்சு வந்தது. கதவு தானாகச் சாத்திக்கொண்டதாம். உள்ளேயிருந்து தள்ளித் திறக்கும் பிடியிலும் கதவு விளிம்பிலும் பனி இறுகி எதுவும் நகரவில்லை.

"போன் வெளியே பையில கிடந்துச்சு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. அப்பத்தான் இந்த சாதனம் ஞாபகம் வந்துச்சு. நீ போனை வச்சிட்டு ஊணுக்குப் போயிருப்பியோன்னு ஒரே பேடி, பயந்தே போயிட்டேன்."

கம்பளியை அவர் தோள்வரை இழுத்துவிட்டேன்.

விரல் நுனிகளில் கொப்புளம் வந்து ஆறியது. நிறுவனம் பிடிகளை மாற்றி, உள்ளே மணியும் வைத்தது. அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று, அவர் உள்ளே போகும்போது நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உள்ளே போறது நான். நீ எதுக்கு விறைச்சு நடுங்குறே?" என்றார்.

கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.