தண்ணீர் சூடாகும் வரை

கோயில் வாசலில் தீர்த்தக் கல்லில் விரலை நனைத்ததும் மதலேனம்மா சிலுவை போட்டுவிடமாட்டாள். நனைந்த விரலைப் பெருவிரலோடு சேர்த்து மெல்லத் தேய்ப்பாள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுமுன் தண்ணீரின் சூடு பார்க்கிற தேய்ப்பு அது. பிறகுதான் கை நெற்றிக்குப் போகும்.

பின்னால் நிற்கிற பெண்கள் சும்மா விடுவார்களா? "என்ன கா மதலேன், தீர்த்தம் ஆறிப் போச்சா? அடுப்பில ஏத்தித் தரட்டா?"

"ஏத்து கா. அடுத்த மாசம் உன்ட வயித்துப் புள்ளைக்கு உதவும்" என்பாள், திரும்பிப் பாராமலே.

எங்கள் ஊரில் தீர்த்தம் தொட்டவள் அந்த ஈரத்தைப் பக்கத்தில் வருகிறவளின் விரலிலும் ஒற்றிக் கொடுப்பாள். மதலேனம்மா மட்டும் யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டால், "என்ட கை எண்ணெய்க் கை" என்று சேலையில் துடைத்துக்கொள்வாள்.

தன்னாமுனையிலும் வாவியை ஒட்டிய ஊர்களிலும் நடமாடுகிறவர்களில் எத்தனையோ பேர் அந்த எண்ணெய்க் கையில் விழுந்தவர்கள்தாம். ஆள் குள்ளம். மழைக்காலத்தில் தோணியில் ஏறினால் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, தான் நனைவாள். பொட்டலத்துக்குள் ஆமணக்கெண்ணெய்ச் சீசா, நூற்கண்டு, பழந்துணி, செபமாலை. பிரசவ வீட்டுக்குள் நுழையும்போதே முற்றத்தில் உலாத்துகிற புருஷனுக்கு ஒரு சொல் விழும்: "உனக்குத்தான் வலி கூடப்போல. போய்ப் படு மனே."

ஏறாவூரில் ஆயிஷா உம்மா வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவள்தான் மருத்துவிச்சி. அங்கே பிள்ளையைத் துடைத்துக் கொடுத்ததும் வாப்பா வந்து அதன் காதில் பாங்கு சொல்வார். அவ்வளவு நேரமும் மதலேனம்மா சுவரைப் பார்த்து நிற்பாள். ஒருமுறை ஆயிஷா உம்மாவிடம் சொன்னாளாம், "இஞ்ச எனக்குப் பாரமில்ல உம்மா. சொல்ல வேண்டியதைச் சொல்ல உங்கட ஆள் இரிக்கார்."

வேதக்காரர் வீடுகளில் அந்தப் பாரம் அவளுடையது. பிள்ளை பிழைக்காதென்று கண்டால் சுவாமியாரைக் கூப்பிட ஓடி நேரம் போக்கக்கூடாது. மருத்துவிச்சியே தலையில் தண்ணீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்துவிட வேண்டும். உயிர் இருக்கும்போதே வார்க்கவேண்டும். வார்க்காத பிள்ளைக்குச் சேமக்காலையில் குழி இல்லை. மோட்சமும் இல்லையென்றுதான் எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலைகளில் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்க யாருக்கும் விருப்பமில்லை. அவள் முழங்காலிட்டால் எழும்ப நேரமாகும். சுவாமியார் பிரான்சு தேசத்துக் கிழவர். காது மந்தம். தனக்குக் கேளாததால் உலகத்துக்கும் கேளாதென்று நினைக்கிறவர். அவள் முணுமுணுப்பது யாருக்கும் விளங்காது. அவர் சொல்வது வாவியில் வலை வீசுகிறவனுக்கும் கேட்கும். "அது மன்னிக்கப்பட்டது மகளே! இயேசுநாதர் மன்னித்துப் புதைத்ததை நீ ஏன் திரும்பத் திரும்பத் தோண்டுகிறாய்? விசுவாசி!" வரிசையில் சிரிப்பு ஓடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள். "சாமி நல்லவர். அவருக்குத் தெரிஞ்ச ஆண்டவரை எனக்கு இன்னும் தெரியல்ல கா" என்பாள்.

எதைத் தோண்டினாள் என்பதை இந்த மாதம் எங்கள் வேலியோரம் நின்று அவளே சொன்னாள். "எழுதுறதெண்டா எழுது மனே. இவ்வளவு காலம் ஒளிச்சது காணும்."

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தி, கல்லடிப் பாலம் கட்டாத காலம். கண்ணகை என்பவள் கலியாணத்தோடு வேதத்துக்கு வந்தவள். கோயிலில் அவளுக்குக் கத்தரீனாள் என்று பெயர் வைத்தார்கள். ஊர் கண்ணகை என்றே கூப்பிட்டது. அவளுக்குத் தலைப்பிரசவம். ஆண்பிள்ளை. அழவில்லை, மூச்சு நூலாக இழுத்தது. நிற்காதென்று மதலேனம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைத் தாயின் மார்பில் கிடத்திவிட்டுத் தண்ணீருக்குத் திரும்பினாள். குடத்தில் இருந்தது மாரிக்காலத்துக் கிணற்றுத் தண்ணீர். தொட்டாள், குளிர்ந்தது.

"பச்சைத் தண்ணி புள்ளைக்கு ஆகாது எண்டு கைக்குத் தெரியும். சாகப்போற புள்ளை எண்டு கைக்குத் தெரியாது. கை தன்ட பாட்டுக்கு அடுப்பில ஏத்திப் போட்டுது."

ஈர விறகு. ஊதி ஊதி எரித்து, விரல் தேய்த்துச் சூடு பார்த்து, பதமாக இறக்கிக்கொண்டு வந்தபோது அந்த நூல் அறுந்திருந்தது. தாய் கண்ணை மூடிக் கிடந்தாள். மயக்கம் என்று மதலேனம்மா நினைத்தாள். பதமான தண்ணீரைச் செத்த பிள்ளையின் தலையில் வார்த்து, "பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே" என்று சொல்லி முடித்தாள். வெளியே நின்ற மாமியார் கேட்டாள், "உசிரோட ஊத்தினயா கா?"

"ஓம். உசிரோடதான்."

பிள்ளையைச் சேமக்காலையில் அடக்கினார்கள். புதிதாக வேதத்துக்கு வந்தவள். உண்மை தெரிந்தால் விசுவாசமும் போய்விடும் என்று பயந்து மதலேனம்மா வாயைக் கட்டிக்கொண்டாள். சுவாமியாரிடம் சொன்னாள். மன்னிப்புக் கிடைத்தது. அடுத்த சனிக்கிழமையும் சொன்னாள்.

மரித்த ஆத்துமாக்களின் திருநாளில் ஊரே சேமக்காலைக்குப் போகும். கண்ணகை அந்தச் சின்ன மேட்டைக் கழுவி, மெழுகுதிரி ஒன்றை மதலேனம்மாவின் கையிலும் வைப்பாள். "நீயும் ஒண்டு கொளுத்து கா." வேறு பேச்சில்லை. உலக யுத்தம் வந்து மெழுகுதிரி கிடைக்காமல் போன வருஷத்திலும் இருந்த ஒன்றை முறித்துப் பாதி கொடுத்தாள். அதை வாங்கிக் கொளுத்துவதைவிடத் திரியையே விழுங்கியிருக்கலாம் என்று மதலேனம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இந்த மார்கழியில் கண்ணகையின் மகள் பிலோமினாவுக்குத் தலைப்பிரசவம். வாசல்வரை வெள்ளம். பிள்ளை விழுந்தது. நாவற்பழ நிறம். அழவில்லை. மதலேனம்மா முதுகில் தட்டினாள், வாயைத் துடைத்து ஊதினாள். ஒன்றுமில்லை. பிள்ளையைப் பாயில் விட்டுவிட்டு அவள் கை அடுப்புப் பக்கம் போயிற்று.

அந்தக் கையைக் கண்ணகை பிடித்தாள். குடத்திலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் கோலிய தண்ணீரை அதில் திணித்தாள்.

"சூடாக்காத கா. இந்த முறை இப்பிடியே ஊத்து."

ஊத்தினாள். செபத்தில் பாதி சொல்லுமுன்னே பிள்ளை விதிர்த்து வாய் திறந்து வீரிட்டது.

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள். மதலேனம்மா வெறுஞ்சிரட்டையோடு அப்படியே இருந்தாள். பிறகு கேட்டாள், "கண்ணகை, உனக்குத் தெரியுமா?"

"என்ட நெஞ்சிலதானே கா கிடந்தவன். மூச்சு நிண்டது எனக்குத் தெரியாதா?"

"மறுகா ஏன் கா ஒரு சொல் சொல்லல்ல?"

"நீ வந்து சொல்லுவாய் எண்டு இருந்தன். காது கேக்காத சாமிக்குக் கிழமைக்குக் கிழமை சொன்னாய். எனக்குக் காது கேக்கும்தானே?" கண்ணகை பிள்ளையைத் துணியில் சுற்றினாள். "நீ தண்ணி எடுக்கப் போனதை ஆண்டவரும் பாத்திட்டுத்தானே இருந்தவர். அது சூடாகும் வரைக்கும் அவருக்குப் பொறுக்கேலாதா? நான் அப்பிடித்தான் நம்பினன். நீயும் நம்பியிருப்பாய் எண்டு நினைச்சன்."

மதலேனம்மா சிரட்டையைக் குடத்தின்மேல் கவிழ்த்துவிட்டு எழும்பினாள். கேட்க நினைத்ததை வேலியோரம் என்னிடம்தான் கேட்டாள். "அண்டைக்கும் பச்சைத் தண்ணியை ஊத்தியிருந்தா அவனும் கத்தியிருப்பானோ, மனே?" வேலியில் காய்ந்த ஓலை ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு நின்றாள்.

போன ஞாயிறு பூசைக்கு மணி அடித்துவிட்டது. மதலேனம்மா வாசலில் தீர்த்தக் கல்லில் விரலை நனைத்தாள். பெருவிரல் பழக்கத்தில் எழும்பி வந்தது. பாதியில் நின்றது. பின்னால் பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணகை வந்துகொண்டிருந்தாள். மதலேனம்மா கிறுகித் திரும்பி நின்று, குளிர்ந்த தண்ணீர் சொட்டுகிற விரலைத் துடைக்காமல் அவள் பக்கம் நீட்டினாள்.