வடை விழுந்த மீன்தொட்டி

“கடலிலை போய் மீன் பிடிக்கிற குடும்பம் நாங்கள். நீ உவ்வளவு படிச்சது மீனுக்குச் சாப்பாடு போடவோ?”

பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை நான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி அவர். கரையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் வலிகாமத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மாமாவுக்கான பதில் மருதனார்மடத்தில், ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் இருக்கும் என்று நினைத்தேன்.

என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் தொட்டி அது. பயந்து வருகிறவர்கள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஆறுதலாக இருக்கும் என்பது டொக்டரின் எண்ணம். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீருக்கு ஒத்துவரும் மொலி, கப்பி என்ற சின்ன அலங்கார மீன்களாகக் கொஞ்சம் மட்டும் விட்டேன். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் பற்றீரியா நுண்ணுயிர் புதுத் தொட்டியில் குடியேற வாரக்கணக்காகும். அதுவரை சாப்பாட்டைக் கிள்ளிக் கிள்ளித்தான் போடவேண்டும் என்று கவுண்டரில் இருக்கும் அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த அக்கா போனில் அழைத்தார்.

“பிள்ளை, தண்ணி பால் மாதிரிக் கிடக்கு. மீனெல்லாம் மேலை வந்து வாயைப் பிளக்குதுகள். எல்லாத்தையும் வெளியாலை எடுத்துப்போட்டு, தொட்டியைச் சவுக்காரம் போட்டுத் தேய்க்கட்டோ?”

“ஒண்டிலையும் கை வையாதேங்கோ அக்கா. நான் வாறன்.”

பிறகு டொக்டர் போனை வாங்கினார். “திங்கள் காலமை சரிவராட்டித் தொட்டியை எடுத்துக்கொண்டு போங்கோ பிள்ளை. பல்லுப் பிடுங்க வந்தவை, சாகிற மீனைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

மழைக்குப் பிறகு டொக்டரின் கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தார்கள்; அந்தத் தண்ணீரை மீனுக்கு ஊற்ற முடியாது. வீட்டில் பரல் பீப்பாயில் பிடித்து வைத்திருந்த தண்ணீரைக் கான்களில் நிரப்பினேன். கொண்டுபோக மாமாவை விட்டால் ஆளில்லை. மீன்பெட்டி இருக்கும் இடத்தில் கான்களைக் கட்டிக்கொண்டே அவர் சொன்னார்: “மீன் வித்த றோட்டாலை இண்டைக்குத் தண்ணி விக்கப் போறன்.” நான் அவருக்கும் கான்களுக்கும் நடுவில் ஏறினேன். என் மடியில், ஈரப் பையில், என் வீட்டுத் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு. அந்தப் பற்றீரியா அதில் ஏற்கெனவே நிறைய இருந்தது.

தொட்டி கலங்கி, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கியது. சோதனைக் குழாயில் மருந்துத் துளிகளை விட்டேன். மஞ்சளாக நிற்கவேண்டியது கரும்பச்சையானது. கழிவு அழுகி வரும் நஞ்சு, அமோனியா. கிள்ளிப் போட்ட சாப்பாட்டுக்கு இவ்வளவு வராது. கையை விட்டுக் கல்லுக்குப் பின்னால் தடவினேன். ஊறிப்போன ஏதோ ஒன்று விரலில் கசங்கியது. முகர்ந்து பார்த்தேன். மிளகு, உழுந்து.

“அக்கா, இது வடையெல்லே?”

அக்கா மேசையைப் பார்த்தார். “சனிக்கிழமையெல்லே. பக்கத்துக் கோயில் ஆஞ்சநேயருக்குச் சாத்தின வடையோடை சனம் வருது. கேணி மீனுக்குப் பொரி போடுற மாதிரி ஆளுக்கொரு துண்டு போட்டிட்டினம். கோயில் வடையைப் போடாதேங்கோ எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?”

“பல்லு நோகிறவை வடையை வேறை என்ன செய்யிறது?” என்றார் மாமா.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் ஒரு மொலி அப்போதே பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருந்தது. வடையை எல்லாம் குழாயால் உறிஞ்சி எடுத்தேன். மூன்றிலொரு பங்குத் தண்ணீரை மாற்றினேன், மெதுவாக. என் பஞ்சை அவர்களுடைய வடிகட்டிக்குள் வைத்து, குழாயில் வரும் காற்றைக் கூட்டிவிட்டேன். சாப்பாடு முழுதாக நிறுத்தம். ஞாயிற்றுக்கிழமையும் போய்த் தண்ணீர் மாற்றினோம். இரண்டு மொலிகளைக் காப்பாற்ற முடியவில்லை.

திங்கள் காலை, தொட்டிக்குப் பின்னால் இருந்த சுவரின் வெடிப்புக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. சோதனைக் குழாயில் மஞ்சள். ஓரத்தில் கொஞ்சம் பச்சை. டொக்டர் குனிந்து பார்த்தார். “கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அது போதும்.

சாப்பாடு போடவேண்டாம் என்று அறிவித்தல் எழுதி ஒட்ட நினைத்தேன், ஒட்டவில்லை. மீனுக்குக் கொடுக்கிற மனதை ஏன் தடுக்கவேண்டும்? அக்காவிடம் ஒரு சின்னப் போத்தலில் மீன் சாப்பாடு கொடுத்தேன். சனிக்கிழமைகளில் முதலில் வடையோடு வருகிறவருக்கு மட்டும் அதில் ஒரு சிட்டிகை. “வடை எனக்கு, இது மீனுக்கு” என்று அக்கா கையை நீட்டுகிறாராம்.

பல்லைக் காட்ட வந்த கரவெட்டி ஆசிரியை ஒருவர், தங்கள் பாடசாலைக்கும் ஒரு தொட்டி கேட்டிருக்கிறார். மாமாவிடம் சொன்னேன்.

“கரவெட்டியோ? திரும்பி வந்து தண்ணி எடுக்கேலாத தூரம். அப்ப இன்னும் ரெண்டு கான் கட்டவேணும்” என்றார்.

தொட்டி இன்னும் வாங்கவில்லை. அதற்கான பஞ்சை, பற்றீரியா குடியேறட்டும் என்று, நேற்றே என் வீட்டுத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன்.