டிலானி மெடிசினாவுக்குப் போன கதை

இத்தாலிக்கு, பலெர்மோவுக்கு வந்த புதிதில், இந்த ஊரில் எப்படி இவ்வளவு டொக்டர்மார் இருக்கிறார்கள் என்று நான் ஆச்சரியப்பட்டதுண்டு. வீதியோரத்தில் கார் நிறுத்த இடம் காட்டுபவன் கழுத்துப்பட்டி கட்டிய எல்லோரையும் ‘தொத்தோரே’ என்று கூப்பிடுவான். பாண்கடைக்காரரும் அப்படித்தான். பொலிதேயாமா பக்கம் நான் படி துடைக்கிற அடுக்குமாடி வீட்டில், இரண்டாம் மாடியில் இருந்த மனிதரையும் எல்லோரும் தொத்தோரே என்றார்கள். துடைக்கிற மருந்துத் தண்ணீர் பட்டு என் கை சிவந்து தோல் உரிந்த நாட்கள் அவை. ஒருநாள் அவர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினேன். எனக்கு அப்போது இத்தாலியன் பத்துச் சொல்கூடத் தெரியாது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைகளை நன்றாகப் பார்த்தார், ஏதோ நீளமாகச் சொன்னார், போய்விட்டார். அடுத்த நாள் ஒரு சோடி ரப்பர் கையுறை வாங்கித் தந்தார். பல மாதங்களுக்குப் பிறகுதான் வாசல் காவல்காரப் பெண் விளக்கினாள்: அவர் படித்தது சட்டம்; இங்கே பல்கலைக்கழகம் முடித்த எவரும் தொத்தோரேதான். நான் ஏன் கையை நீட்டினேன் என்று அந்த மனிதருக்கு விளங்கியதோ தெரியாது. சிரிக்கவில்லை. அதற்காகவே அவரில் எனக்கு ஒரு மரியாதை.

அதனால்தான், பள்ளிக்கூடக் கடைசி வருடத்தில் என் மகள் டிலானி, தான் தொத்தோரெஸ்ஸா ஆகப்போவதாகச் சொன்னபோது, என் கணவர் அன்ரன் சோற்றில் இருந்து கையை எடுக்காமலே கேட்டார்: “எது, உண்மையான தொத்தோரெஸ்ஸாவோ?”

“உண்மையானதுதான் அப்பா. ஊசி போடுற ஆள். மெடிசினா.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கறிச்சட்டியைப் பார்த்தேன். அவர் ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். மன்னாரில் நானும் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். சோதனை வருடத்தில் சண்டை வந்து, குடும்பத்தோடு மடுவுக்கு ஓடினோம். சோதனை பட்டினத்தில் நடந்தது. பாதை மூடிக் கிடந்தது. என் அனுமதி அட்டை, மாமரத்துக்குக் கீழே விரித்த படங்கின்மேல், அம்மாவின் துணிமூட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பற்றி நான் வீட்டில் அதிகம் கதைத்ததில்லை. மகள் என் ஆசையைத் தன் முதுகில் சுமக்கக்கூடாது என்று கவனமாக இருந்தேன். ஒன்பது வயதில் இங்கே வந்து, போர்கோ வெக்கியோவின் சந்தைச் சத்தத்துக்குள் வளர்ந்து, மீன்காரரோடு சிசிலியன் பேசுகிற பிள்ளை அவள். அந்த ஆசை அவளுக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அமெரிக்காவில் இருக்கிற என் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவளுடைய மகனும் அந்த வருடம் அதே அலுவலில்தான் நின்றான். அங்கே முதலில் நான்கு வருடம் சாதாரணப் பட்டப்படிப்பு, அதன் பிறகுதான் மருத்துவம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரே அனுமதியில் எடுக்கிற படிப்புகளும் சில இடங்களில் உண்டு. அவன் அவற்றுக்குத்தான் விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் கட்டுரை, தனித்தனிக் கட்டணம், தனித்தனி நேர்முகம். “நான் ஏன் மருத்துவனாக விரும்புகிறேன்” என்று பன்னிரண்டு விதமாக எழுதிவிட்டானாம். “கிடைச்சால் வீட்டை ஈடு வைக்கவேணும்,” என்றாள் அக்கா. “உங்கை எப்பிடி?”

“இஞ்சை எல்லாருக்கும் சேத்து ஒரேயொரு சோதனை. பிறகு ஆறு வருசம், ஒரே மூச்சிலை.”

“கட்டுரை?”

“இல்லை.”

“காசு?”

“இன்னும் கேக்கேல்லை,” என்றேன். கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

சோதனை செப்டெம்பரில். அதற்கு முன்பே, போர்சா என்று சொல்கிற உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு வீட்டு வருமானத்தைக் கணக்கிட்டு ‘இசே’ என்றொரு பத்திரம் எடுக்கவேண்டும் என்று டிலானி சொன்னாள். பத்திரம் என்றதும் அன்ரன் தானே பொறுப்பெடுத்துக்கொண்டார். எங்களுடைய இத்தனை வருடத்து அனுபவத்தில், எந்தக் கந்தோரும் எங்களிடம் கேட்டது ஒன்றைத்தான்: உன்னிடம் காசு இருக்கிறதா, காட்டு. தூதரகத்தில் காட்டினோம். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் காட்டினோம். என்னையும் பிள்ளையையும் கூப்பிட அவர் சம்பளத் துண்டு, வீட்டின் அளவு எல்லாம் காட்டினார். ஆகவே டொக்டர் படிப்புக்கு எவ்வளவு காட்டவேண்டியிருக்கும் என்று அவரே யோசித்து, தன்னோடு உணவகச் சமையலறையில் வேலைசெய்யும் மூன்று பேரிடம் ஒரு கிழமைக்கென்று கடன் வாங்கி, தபால்கந்தோர்க் கணக்கில் போட்டுவிட்டார். எனக்கே சொல்லவில்லை.

பத்திரம் செய்கிற கந்தோரில் எங்கள் மூவருக்கும் முன்னால், மேசைக்கு அந்தப் பக்கம், ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். விசிறி ஒன்று அவளுடைய கடதாசிகளைப் பறக்கவிடப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்ரன் நல்ல சேட் போட்டு, கணக்குத் துண்டை மேசையில் விரித்து, விரலால் தொட்டுக் காட்டினார். அவள் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். டிலானியின் முகம் மாறியது.

“அப்பா, இது எங்கையால எண்டு கேக்கிறா.”

“எங்கடை காசு எண்டு சொல்லு. பிள்ளையைப் படிப்பிக்க எங்களிட்டை வசதி இருக்கெண்டு சொல்லு.”

டிலானி சொல்லவில்லை. அவள் வேறேதோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு அன்ரனை நேராகப் பார்த்து, எங்களுக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். இங்கே குறைவாக உழைக்கிறவர் குறைவாகக் கட்டுவார். மிகக் குறைவாக உழைக்கிறவர் ஒன்றுமே கட்டத் தேவையில்லை. கூட இருப்பதாகக் காட்டினால் கூடக் கட்டவேண்டி வரும்.

அன்ரனுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. “எங்களை இல்லாத ஆக்கள் எண்டு எழுதப்போறாவோ?” என்று தமிழில் என்னைக் கேட்டார். சத்தம் கொஞ்சம் உயர்ந்தது. அந்தப் பெண், அவர் தன்னை ஏசுகிறார் என்று நினைத்தோ என்னவோ, எழுந்து போனாள். சரி, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவள் மூன்று சின்னக் கோப்பையில் கோப்பி கொண்டுவந்தாள். அன்ரனுக்கு முன்னால் ஒன்றை வைத்துச் சொன்னதை டிலானி மொழிபெயர்த்தாள்: “தன்ரை அப்பா துறைமுகத்திலை மூட்டை தூக்கினவராம் அப்பா. தானும் இந்தப் பத்திரத்தாலைதான் படிச்சதாம்.” கணக்கில் போன டிசம்பர் முடிவில் இருந்ததைத்தான் பார்ப்பார்களாம், இப்போது போட்டது சேராதாம். அன்ரன் கோப்பியைக் குடித்தார். வீட்டுக்கு வரும் வழியில் தபால்கந்தோர் வாசலில் நின்று, “பொறு, திருப்பிக் குடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு வாறன்,” என்றார்.

முதல் வருடம் டிலானிக்குக் கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் எழுதுகிற சோதனை அது. அவள் இரண்டு நாள் அறையைவிட்டு வரவில்லை. இத்தாலியப் பெற்றோருக்கு அது பெரிய துக்கம். எங்கள் ஆட்களுக்கு இரண்டாம் தரம் சோதனை எடுப்பது ஒரு விசயமே இல்லை. ஊரில் ‘செக்கண்ட் ஷை’ எடுக்காத வீடு உண்டோ? அன்ரன் கதவுக்கு வெளியே நின்று அதைத்தான் சொன்னார். உயிரியல் துறையில் சேர்ந்து ஒரு வருடம் படித்துக்கொண்டே அவள் மறுபடி எழுதினாள்.

இந்த முறை பெயர்ப்பட்டியலில் இடம் வந்தது, ஆனால் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல். மேலே உள்ளவர்கள் வேறு படிப்புக்குப் போகப்போக, கீழே உள்ளவர்கள் ஒவ்வொரு கிழமையும் மேலே ஏறுவார்கள். ஒவ்வொரு தடவையும், குறித்த நாட்களுக்குள், எனக்கு இன்னும் விருப்பம் உண்டு என்று இணையத்தில் ஒரு பெட்டியை அமத்தி உறுதி செய்யவேண்டும். ஒரு தடவை தவறினாலும் பெயர் அழிந்துபோகும். டிலானி கிழமைக்குக் கிழமை அதைச் செய்தாள். மார்கழி வந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் நிறையப் பேர். ஒருநாள் காலையில் புத்தகப்பையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நான் இனி அமத்தமாட்டன் அம்மா. காணும்.”

அன்று மத்தியானத்தோடு தவணை முடிகிறது. நான் படி துடைத்துவிட்டு ஓடிவந்தேன். அவளுடைய கடவுச்சொல் எழுதிய துண்டு குசினி லாச்சிக்குள் கிடந்தது. அன்ரன் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவருடைய போனை மேசையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி உள்ளே போனோம்.

“ரெண்டு பெட்டி கிடக்கு,” என்றார் அவர். “ஒண்டு கொன்ஃபேர்மோ. மற்றது ரினுன்ச்சோ. எதை அமத்துறது?”

“ரினுன்ச்சோ வேண்டாம்.”

“நிச்சயமோ?”

“ஞானஸ்நானத்திலை சாத்தானை விட்டுவிடுறியளோ எண்டு சுவாமி கேக்கேக்குள்ளை என்ன சொல்லுறனாங்கள்? ரினுன்ச்சோ எண்டுதானே. அது கைவிடுற சொல்.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டு மற்றதை அமத்தினார்.

டிலானி வந்ததும் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அது என்ரை பேர் அம்மா,” என்று மட்டும் சொன்னாள்.

“ஓம். பிழைதான்.”

புத்தகப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, “அடுத்த கிழமை நானே அமத்துறன்,” என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு தடவை அமத்தவேண்டியிருந்தது. மூன்றாம் தடவை, அவள் பெயருக்கு நேரே பலெர்மோ என்று இருந்தது.

போர்சாவும் கிடைத்தது. கட்டணம் இல்லை, மாணவர் உணவுச்சாலையில் சாப்பாடு. முதல் கிழமை அவள் வந்து சொன்னாள், தன் மேசையில் அறுவைச் சிகிச்சை நிபுணரின் மகன் ஒருவன் இருந்தான், இரண்டு பேருக்கும் ஒரே தட்டு, ஒரே பஸ்தா, அவன் காசு கொடுத்தான், தான் அட்டையைக் காட்டினேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று. இந்த நாட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கும் நிறைய இருக்கிறது. பெர்மெஸ்ஸோவுக்காக நின்ற வரிசைகள் என் முழங்காலில் இருக்கின்றன. ஆனால் ஒரு படி துடைப்பவளின் பிள்ளையை, வீட்டில் காசு இல்லை என்பதையே தகுதியாக எடுத்து, டொக்டர் படிப்பில் உட்கார்த்திய ஊர் இது. அக்காவின் மகனுக்கும் அங்கே கிடைத்தது. வீட்டை ஈடு வைத்தார்கள். நாங்கள் ஒன்றும் கட்டுவதில்லை என்பதை அக்கா நம்பவே இல்லை. “மிச்சத்தைப் பிறகு கேப்பாங்கள், பார்,” என்றாள். நான்கு வருடமாயிற்று, ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் நான் மூன்றாம் மாடிப் படியில் நிற்கையில் டிலானி போன் எடுத்தாள். இப்போது அவள் ஒரேத்தோப் பக்கம் ஆசுபத்திரியில் நோயாளரைப் பார்த்துப் பழகுகிறாள். முல்லைத்தீவிலிருந்து அண்மையில் வந்த ஒரு அம்மா படுத்திருந்தாராம். இத்தாலியன் தெரியாது. டொக்டர் இவளைக் கேட்கச் சொல்லியிருந்தார்.

“அம்மா, மில்ட்ஸாவுக்குத் தமிழிலை என்ன?”

மில்ட்ஸா எனக்குத் தெரியும். எங்கள் சந்தை மூலையில் அதைப் பொரித்துப் பாணுக்குள் வைத்து விற்பார்கள். தமிழ்ச் சொல் வரவில்லை. ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்தில் அதன் படத்தைக் கீறி, பெயர் குறித்துப் புள்ளி வாங்கியவள் நான். துடைப்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

“மண்ணீரல்,” என்றேன்.

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்துவிட்டாள் போலிருந்தது. அந்த அம்மாவின் குரல் கேட்டது. “பிள்ளை எந்த இடம்?”

“போர்கோ வெக்கியோ,” என்றாள் டிலானி.

“அது எங்கை, வவுனியாவுக்கு அங்காலையோ?”

“மன்னார்,” என்று நான் போனுக்குள் சொன்னேன். “ஆ, மன்னாரே,” என்றார் அந்த அம்மா, நிம்மதியாக. இரண்டு பதிலும் சரிதான். பிறகு டிலானி, “இதிலை நோகுதோ? இதிலை?” என்று கேட்பதும், அந்த அம்மா “ஓம் பிள்ளை, அதிலைதான்” என்று முனகுவதும் கேட்டது. ஒரு கணம் கழித்து என் மகள் அந்த நோவை டொக்டருக்கு இத்தாலியனில் சொல்லத் தொடங்கினாள், வேகமாக, எனக்குப் பாதிகூடப் பிடிபடாத சொற்களில்.